வெயில் காலத்தில் பச்சைக் குழந்தையோடு வெளியே

மே 3, மாலை 6.20

வந்த கேள்வி: "குழந்தை பிறந்து 16 நாள் ஆகிறது. வெயில் காலம் என்பதால் 3 மாதம் முடியும்வரை வாசலைத் தாண்டவே கூடாது என்கிறார்கள் வீட்டில். ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா, இல்லை எனக்குத்தான் பொறுமை இல்லையா?"

மே 3, இரவு 9.40

தாராளமாகப் போகலாம். நாள் குறையாமல் பிறந்து, பால் ஒழுங்காகக் குடித்து, எடை ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு வெளிக்காற்று ஆகாது என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு இது இரண்டாவது. இவளுக்கு இன்றோடு 37 நாள். ஒன்பதாம் நாளே வெளியே எடுத்து வந்தேன், மரத்தடியில் பத்து நிமிடம். மூத்தவன் பிறந்ததும் இதே மாதிரி ஒரு கோடையில்தான், மருத்துவமனைக்குத் தவிர அவனை இரண்டு மாதம் அறையைவிட்டு எடுக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் இப்போது யோசித்தால் முடியாத ஒரே மதியம் மாதிரி இருக்கிறது. அதனால் உங்கள் அழுகை எனக்கு நன்றாகப் புரிகிறது. அதற்கும் பொறுமைக்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டில் பயப்படுவதும் வீண் இல்லை. சூட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அது சரிதான். கதவைச் சாத்திவிட்டால் சூடு உள்ளே வராது என்று நம்புவதில்தான் தப்பு. காற்றே இல்லாத அறை மதியம் 2 மணிக்கு மரத்தடியைவிட மோசமாக இருக்கும். பச்சைக் குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு நம்மைவிட மிக அதிகம், அதனால் சுற்றியிருக்கும் சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். வியர்த்து ஆற்றிக்கொள்ளும் திறனோ குறைவு. புழுங்கினால் போர்வையை உதைத்துத் தள்ளவும் தெரியாது. இது வீட்டுக்குள்ளும் அப்படித்தான், வெளியிலும் அப்படித்தான்.

ஒரு விஷயம்: குறைமாதக் குழந்தை என்றால் நான் சொல்வது எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மருத்துவர் சொல்வதுதான்.

மே 4, காலை 5.50

இவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கிறாள், ஒரு கையால் எழுதுகிறேன். எந்த நேரம் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். கடிகாரத்தைவிட உங்கள் நிழலைப் பாருங்கள். உங்கள் உயரத்தைவிட நிழல் நீளமாக விழுந்தால் சூரியன் தாழ்வாக இருக்கிறது, புற ஊதாக் கதிர் அவ்வளவு வலுவாக இருக்காது. நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் உள்ளே வந்துவிடுங்கள். வானிலைச் செயலியில் புற ஊதாக் குறியீடு என்று ஓர் எண் வரும். 3-ம் அதற்கு மேலும் என்றால் பெரியவர்களே தோலை மூடிக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எண்ணை மறந்துவிடுவேன், நிழல் காலடியிலேயே இருக்கிறது.

மே 4, மதியம் 1.15

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதை வைத்துக்கொண்டு "அப்போ இளவெயிலில் படுக்க வைக்கலாம்" என்று யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும். கூடாது. 6 மாதம்வரை நேர் வெயிலே படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். நான் சொன்னது எந்த நேரத்தில் வெளியே இருக்கலாம் என்பதைத்தான். அந்த நேரத்திலும் நிழலில்தான். வைட்டமின் டி என்ன ஆகும் என்றால், அதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலிருந்தே தினம் 400 அலகு என்பது அதே கழகத்தின் பரிந்துரை. எங்கள் மருத்துவரும் அதையே எழுதிக் கொடுத்தார். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் வைட்டமின் டி கிடைப்பதில்லை, அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சூட்டை மட்டும் அது தடுக்காது.

மே 6, இரவு 10.30

இன்று நடந்ததை உங்களுக்காக எழுதவில்லை, எனக்கு மறக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

மாலை 5 மணி. தள்ளுவண்டியில் படுக்க வைத்து, பக்கவாட்டிலிருந்து வெயில் அடிக்கிறதே என்று வெள்ளை மஸ்லின் துணி ஒன்றை வண்டியின் கூரையிலிருந்து கால்மாட்டுவரை தொங்கவிட்டேன். ஊதினால் பறக்கிற மாதிரி மெல்லிய துணி, அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியும். நன்றாக யோசித்துச் செய்த வேலை என்றுதான் நினைத்தேன். சத்தமே இல்லை, தூங்குகிறாள் என்று இருபது நிமிடம் நடந்தேன். நின்று, துணியின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கையை விட்டதும், பாத்திரத்தின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி ஒரு வெக்கை. பிடரியில் விரலை வைத்தேன். நனைந்திருந்தது. முடியெல்லாம் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. கன்னம் இரண்டும் சிவந்து, உதடு லேசாகத் திறந்து, வேகவேகமாக மூச்சு. எடுத்துத் தோளில் போட்டதும் கண்ணைத் திறந்தாள், உடனே வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

நிழலில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றி, டயப்பரோடு மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கழுத்து ஆறிவிட்டது, மூச்சும் சீரானது. ஆறாமல் இருந்திருந்தாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டிருந்தாலோ, பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியிருந்தாலோ நேராக மருத்துவமனைக்குத்தான் ஓடியிருப்பேன்.

தூங்குகிறாள் என்று நினைத்த அந்த இருபது நிமிடத்தை என்னால் விட முடியவில்லை. சூட்டில் துவளும் குழந்தையும் நிம்மதியாகத் தூங்கும் குழந்தையும் துணிக்கு வெளியே நிற்பவருக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

மே 7, காலை 11.00

துணி சம்பந்தமாக: தேடிப் பார்த்ததில் நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இதையே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். வெயில் நாட்களில் தள்ளுவண்டிகளை வெளியே நிறுத்தி, உள்ளே வெப்பமானி வைத்துப் பார்த்தபோது, உலர்ந்த மஸ்லின் துணி போர்த்திய வண்டிக்குள் போர்த்தாத வண்டியைவிட 2.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு கூடியிருந்தது. அதே துணியை நனைத்துப் போர்த்தினால் போர்த்தாத வண்டியைவிடச் சூடு குறைந்தது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, மண்பானையில் நடக்கும் அதே வேலைதான். ஆனால் காய்ந்துவிட்டால் பழைய கதை, 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப நனைக்க வேண்டும். காற்றிலேயே ஈரம் மிகுந்திருக்கும் இடங்களில் துணி சரியாக உலராது, அங்கே இந்தப் பலன் குறைவாகத்தான் கிடைக்கும்.

இதைப் படித்த பிறகும் நான் போர்த்துவதாக இல்லை. வண்டியின் கூரையை இழுத்துவிடுவேன், பக்கத்து வெயிலுக்குக் குடை பிடிப்பேன். முகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காற்று குறுக்கே போக வேண்டும். எனக்கு அது போதும்.

மே 7, மாலை 4.05

கை கால் ஜில்லென்று இருக்கிறதே, சாக்ஸ் போடட்டுமா என்று கேட்கிறீர்கள். பச்சைக் குழந்தைக்குக் கையும் காலும் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும், லேசாக நீலம் பாய்ந்தும் தெரியும், அங்கே இரத்த ஓட்டம் இன்னும் சரியாகப் பழகவில்லை. பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். அங்கே சூடு, ஈரம் என்றால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். நேற்று என் விரல் அவள் உள்ளங்கையைத் தொட்டிருந்தால் "குளிர்கிறது" என்று இன்னொரு துணியைப் போர்த்தியிருப்பேன். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

மே 9, இரவு 8.45

தண்ணீர். இதற்காக வீட்டில் இன்று பெரிய வாக்குவாதம். என் அத்தை பாசத்தில்தான் சொன்னார், "இந்த வெக்கையில் தொண்டை வறண்டு போகாதா, ரெண்டு ஸ்பூன் கொடு" என்று. கொடுக்கவில்லை. தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான், அத்தை. 6 மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, வெயில் காலத்துக்கும் சேர்த்துத்தான். குட்டி வயிற்றில் தண்ணீரை ரொப்பினால் பாலுக்கு இடம் இருக்காது. சிறுநீரகம் இன்னும் முதிராததால் அளவு கூடினால் இரத்தத்தில் உப்பு சரிந்து வலிப்புவரை போகலாம். வெயில் ஏற ஏற அடிக்கடி பால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியே போனால் இவள் அரைமணிக்கு ஒருமுறைகூடக் கேட்கிறாள், இரண்டு நிமிடம் குடித்துவிட்டு விட்டுவிடுகிறாள். அது தாகத்துக்குக் குடிப்பது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புட்டிப் பால் குடிக்கும் குழந்தைக்கும் இதே கதைதான், பால்மாவில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டாம்.

தண்ணீர் குடிக்க வேண்டியவர் நீங்கள். வெளியே கிளம்பும்போது குழந்தையின் பையில் இருப்பதைவிடப் பெரிய பாட்டில் உங்களுக்கு வேண்டும்.

மே 10, காலை 7.30

நேற்று முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். போதுமான பால் உள்ளே போகிறதா என்று எப்படித் தெரியும்? டயப்பரை எண்ணுங்கள். பிறந்து 5, 6 நாள் கழிந்த குழந்தை 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை நனைக்க வேண்டும். குறைந்தாலோ, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. அப்புறம் காய்ச்சல்: 3 மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே மருத்துவரிடம் போக வேண்டும். "வெயிலில் போனதால் உடம்பு சுடுகிறது, ஆறிவிடும்" என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடாதீர்கள். வெயில் சூடா, தொற்றா என்று கையை வைத்துப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

மே 12, இரவு 11.20

மஞ்சள் காமாலைக்குக் காலை வெயிலில் காட்டலாமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் மூத்தவன் விஷயத்தில் நான் இதில் அடிபட்டவள்.

மூன்றாம் நாள் அவனுடைய கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. பிறந்த இடத்தில் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போங்கள், ஜன்னல் வெயிலில் காட்டினால் போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரத்தம் எடுக்கவில்லை, எப்போது திரும்ப வர வேண்டும் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் ஜன்னலோரம் துணியில்லாமல் படுக்க வைத்தேன், அவன் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தான். சமர்த்து என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் மஞ்சள் வயிற்றைத் தாண்டிக் காலுக்கு இறங்கிய பிறகுதான் வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். இரத்தத்தில் மஞ்சளை உண்டாக்கும் பிலிருபினின் அளவு மிகவும் கூடிவிட்டிருந்தது. இரண்டு நாள் நீல விளக்கின் கீழே, கண்ணைக் கட்டிக்கொண்டு. இன்று நன்றாக இருக்கிறான். ஆனாலும் அந்த முதல் இடத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த நீல விளக்குக்கே தொடக்கம் வெயில்தான். இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்று ஒரு செவிலியர், குறைமாதக் குழந்தைகளின் பிரிவுக்குப் பொறுப்பாளர். இன்குபேட்டரின் புழுக்கத்தைவிட வெளிக்காற்று நல்லது என்று நம்பியவர், வெயில் நல்லபடியாக இருக்கும் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுவருவார். 1956-இல் ஒருநாள் அப்படி வெளியே போய் வந்த குழந்தை ஒன்றை மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளிறியிருந்தது, ஒரு முக்கோணம் மட்டும் அப்படியே பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. விரிப்பின் ஓரம் மூடியிருந்த இடம் அது. அதிலிருந்துதான் அங்கே ஆராய்ச்சி ஆரம்பித்து, 1958-இல் கட்டுரையாக வந்தது, ஒளி சிகிச்சை பிறந்தது.

அப்போ வெயிலே போதுமே என்று கேட்டால், வெயிலில் மஞ்சளைக் கரைக்கும் நீல ஒளியோடு தோலைச் சுடும் புற ஊதாக் கதிரும் உடம்பைச் சூடாக்கும் அகச்சிவப்புக் கதிரும் சேர்ந்தே வருகின்றன. எவ்வளவு நீல ஒளி கிடைத்தது என்று அளக்கவும் வழியில்லை. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் புற ஊதா, அகச்சிவப்பு இரண்டையும் பெருமளவு தடுக்கும் படலம் ஒட்டிய கூடாரத்துக்குள் குழந்தைகளைப் படுக்க வைத்து, உடல் வெப்பத்தை அடிக்கடி அளந்து சிகிச்சை தந்தார்கள், 2015-இல் முடிவு வெளியானது. விளக்குக்குக் குறையாத பலன். ஆனால் அது வடிகட்டிய வெயில், பக்கத்திலேயே ஆள் நின்று பார்த்த வெயில். என் ஜன்னலோரம் அப்படி இல்லை.

மஞ்சள் தெரிந்தால் முதலில் அளவு பார்க்கச் சொல்லுங்கள். "வெயிலில் காட்டுங்கள்" என்று அனுப்பினால் "அளவு எத்தனை, மறுபடி எப்போது பார்க்க வேண்டும்" என்று கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கும் மஞ்சள் குழந்தையைச் சமர்த்து என்று சொல்லாதீர்கள்.

மே 14, மதியம் 3.00

கொசு, சன்ஸ்கிரீன் இரண்டுக்கும் சேர்த்துச் சின்னதாக. 2 மாதத்துக்குள் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டி பூசக் கூடாது. வண்டிமேல் வலை போடுங்கள், துணி வேறு வலை வேறு, வலையில் காற்று போகும். சன்ஸ்கிரீன் 6 மாதம்வரை வழக்கமாகப் பூச வேண்டியதில்லை. நிழலும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும்தான் முதலில். தப்பிக்கவே வழியில்லாத இடத்தில் முகத்திலும் புறங்கையிலும் மட்டும் துளி தடவலாம் என்கிறார்கள். வேர்க்குரு வந்தால் பவுடர் போட வேண்டாம், அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். துணியைக் குறைத்துக் காற்றாட விட்டாலே தணிந்துவிடுகிறது.

மே 15, காலை 6.10

நிழலில் இருந்தால் போதும் என்று நான்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன், அதில் ஒரு திருத்தம். காலடியிலிருந்தும் கதிர் திரும்பி வரும். உலர்ந்த கடல்மணல் 15 சதவீதம்வரை புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும், கடல்நுரை 25 சதவீதம்வரை. புல்லும் மண்ணும் அதைவிடக் குறைவு. கடற்கரையில் குடையின் கீழ் இருப்பதும் மரத்தடியில் புல்லின் மேல் இருப்பதும் ஒரே மாதிரி இல்லை. நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் மறந்துவிடுகிறோம். நேற்று உட்கார்ந்து கால்மணி நேரத்துக்குள் இவள் பாதம் வெயிலுக்கு வந்துவிட்டது.

மே 15, இரவு 9.00

காரில் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்த நாளில் ஒரு மணி நேரத்தில் காருக்குள் 47 டிகிரி ஆனதை அளந்து 2005-இல் வெளியிட்டிருக்கிறார்கள். சூடு பெரும்பாலும் முதல் அரைமணிக்குள்ளேயே ஏறிவிடுகிறது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. பின்சீட்டில் குழந்தை இருக்கும்போது என் செருப்பில் ஒன்றையோ கைப்பையையோ அதன் காலடியிலேயே வைத்துவிடுகிறேன். தூக்கமில்லாத தலையை நான் நம்புவதில்லை.

மே 18, மாலை 6.50

இன்று எச்சரிக்கை எதுவும் எழுதப் போவதில்லை. இத்தனை நாள் படித்தால் வெளியே போகவே பயம் வந்துவிடும், நான் சொல்ல வந்தது அதற்கு நேர்மாறு.

மரத்தடியில் விரிப்பைப் போட்டு மல்லாக்கப் படுக்க வைத்திருந்தேன். இந்த வயதில் 20, 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு மேல் தெளிவாகத் தெரியாது, கிளைகள் எல்லாம் அவளுக்குக் கலங்கலாகத்தான் இருக்கும். ஆனால் இருளும் வெளிச்சமும் மாறி மாறி வருவது தெரியும். இலைகள் அசைய அசைய முகத்தில் நிழல்புள்ளிகள் ஓடின. ஒரு காற்று வந்து புள்ளியெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்ததும் இரண்டு கையையும் விரித்து, விரல்களையும் விரித்து, அப்படியே நின்றுவிட்டாள். மூச்சு மட்டும் வாய் வழியே "ஹா ஹா" என்று. காற்று நின்றது, கை இறங்கியது. அடுத்த காற்றுக்குத் திரும்பவும். மூத்தவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அவ காத்தைப் புடிக்கிறா" என்றான்.

வீட்டுக்குள் ஆறு மணியானால் ஆரம்பிக்கும் அந்த நிற்காத அழுகை வெளியே பாதியாகிறது. ஆறு வார வயதுதான் அழுகையின் உச்சம், அப்புறம் தானாகக் குறையும் என்று சொல்கிறார்கள். அது குறையும்வரை எனக்கு இந்த மரம் வேண்டும்.

மே 19, அதிகாலை 4.20

பகலில் வெளிச்சம் பட்டால் இரவில் தூங்குமா என்று கேட்டீர்கள், நானும் ஆமாம் என்று எழுதப் போனேன். இரவு மூன்று முறை எழுந்துவிட்டு எழுத மனம் வரவில்லை. 6 முதல் 12 வாரக் குழந்தைகளை வைத்து 2004-இல் வந்த ஓர் ஆய்வில், இரவில் நன்றாகத் தூங்கிய குழந்தைகளுக்குப் பிற்பகலில் கூடுதல் வெளிச்சம் கிடைத்திருந்தது என்று பார்த்திருக்கிறார்கள். அது சிறிய ஆய்வு, வெளிச்சத்தால்தான் தூங்கினார்கள் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பகலில் திரையை விலக்கி வையுங்கள், இரவில் விளக்கை அணையுங்கள். அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மே 21, காலை 9.30

கட்டித் தூக்கும் கேரியர் நல்லதா, வண்டி நல்லதா? காலையில் கேரியர், மாலையில் வண்டி என்று நான் வைத்திருக்கிறேன். கேரியரில் உங்கள் உடம்புச் சூடும் சேரும், துணியே ஓர் அடுக்கு, அதனால் உள்ளே டயப்பரும் மெல்லிய பனியனும் போதும். தாடை நெஞ்சில் மடிந்துவிடக் கூடாது, மூச்சுக்குழாய் அவ்வளவு மென்மையானது, மடிந்தால் சத்தமில்லாமல் அடைபடும். குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில், முகம் எப்போதும் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

கூட்டமான இடங்களுக்கு நான் இன்னும் கொண்டுபோகவில்லை. 2 மாதத் தடுப்பூசிகள் போடும்வரை கடை, விசேஷம் எதற்கும் இல்லை. வழியில் நின்று கன்னத்தைத் தொட வருபவர்களிடம் "காலைத் தொட்டுக்கோங்க" என்று சொல்லிவிடுகிறேன், யாரும் கோபப்படவில்லை.

மே 24, காலை 7.15

"நேற்று போனோம். 6 நிமிடம். அழுதாள், திரும்பிவிட்டோம். தோல்விதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். 6 நிமிடம் வெளியே இருந்திருக்கிறீர்கள்! 16 நாள் திரை விலகாத அறையில் இருந்தவர் நீங்கள். என் முதல் தடவை பத்து நிமிடம் என்று மே 3-ஆம் தேதி எழுதியிருந்தேன், அதில் நான்கு நிமிடம் வாசல் படியில் நின்று போவதா திரும்புவதா என்று யோசித்தது.

இன்று கிளம்பும் முன் உள்ளேயே பால் கொடுத்துவிடுங்கள், பசி வந்த பிறகு கிளம்பினால் எங்கள் வீட்டிலும் 6 நிமிடம்தான். பிரசவ உடம்புக்கு நடை வேண்டாம், உட்கார ஓர் இடம் போதும். வீட்டில் பயப்படுகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பார்க்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். என் அத்தை இப்போது அதைத்தான் செய்கிறார். இதோ, வாசலில் நின்று "நிழல் குட்டையாகுது, வாங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். போகிறேன்.